ஜாப் கார்டில் நாங்கள் சொன்னதை எழுதுங்கள்

விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் வட்டாரத்தில் கார் ஷோரூமும் சர்வீஸ் சென்டரும் நடத்திவரும் அண்ணாச்சிமார் அனைவருக்கும்,

சிவகாசியில் சிறியதாக ஓர் ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். உங்களில் சிலருக்குக் கேலண்டர் அடித்துக் கொடுத்திருக்கிறேன். பலருக்கு என் முகம் தெரியும். என் காரின் பின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் இப்போது முகத்தைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். "இந்தக் காருக்கு வாரண்டி இருக்கிறது. கியர்பாக்ஸ் பழுதை எழுத்தில் ஏற்க மறுக்கிறார்கள்." அதில் இருப்பது இவ்வளவுதான். ஷோரூம் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை, வசவு இல்லை. ஆனாலும் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதன்பின் பெரியவர்கள் இருவர் சமரசம் பேச வந்தார்கள். அவர்களிடம் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் பொதுவில் எழுதுவதே சரி என்று பட்டது. ஒரு ஷோரூமுக்கும் எனக்கும் உள்ள வழக்கு அதற்கான இடத்தில் நடக்கும். இந்த மடல் உங்கள் எல்லோருடைய சர்வீஸ் கவுண்டரிலும் அன்றாடம் நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றியது.

பழுது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் வண்டி. காலையில் குளிர்ந்த இன்ஜினோடு எடுத்தால் ஒரு குறையும் தெரியாது. ரயில்வே கேட்டில் நின்று, திறந்ததும் பேப்பர் ரீல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, வெயிலில் அரை மணி நேரம் இப்படியே போனபின், முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறுகிற இடத்தில் வண்டி உதறும். இன்னும் கொஞ்சம் ஊர்ந்தால் மீட்டரில் சூட்டு எச்சரிக்கை வரும். ஓரம்கட்டி நிறுத்தி, ஆறவைத்து எடுத்தால் விளக்கும் போகும், உதறலும் போகும். சூட்டில் மட்டும் வரும் பழுது இது. ஆனால் சர்வீஸ் சென்டரில் இதைச் சோதிப்பது காலை பத்து மணிக்கு, ராத்திரி முழுக்க நிழலில் நின்ற வண்டியை, நான்குவழிச் சாலையில். அங்கே அது எப்படி உதறும்?

எனக்கு இதைவிட வலித்தது ஜாப் கார்டு. அதில் 'கஸ்டமர் வாய்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வண்டிக்காரர் தன் வாயால் சொன்னதை அப்படியே இறக்க வேண்டிய கட்டம் அது. "வண்டி சூடானபின், மெதுவாகப் போகும்போது, ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறுகையில் உதறுகிறது" என்று நான் சொன்னேன். சர்வீஸ் அட்வைசர் தம்பி தலையாட்டிக்கொண்டே டேப்லெட்டில் தட்டினார். கையில் வந்த காகிதத்தில் இருந்தது 'ஜெனரல் செக்கப்'. அடுத்த தடவை அதே புகாருக்கு 'டிரைவிங் ஸ்டைல் எக்ஸ்பிளெய்ன்ட்' என்று ஏறியிருந்தது. அதாவது, உதறுவது வண்டி இல்லையாம், ஓட்டுகிற நான்தானாம். நான் சொன்ன வாக்கியத்தைச் சேர்த்து எழுதச் சொன்னேன். "சிஸ்டத்தில் அப்படி ஆப்ஷன் இல்லை சார்" என்றார். அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. அவர் யார் சொல்லி அப்படி எழுதுகிறார் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அச்சகத்தில் எங்களிடமும் ஜாப் டிக்கெட் உண்டு. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்க ஒரு பார்ட்டி வந்தால் காகிதம் எத்தனை ஜி.எஸ்.எம்., என்ன கலர், லேமினேஷன் உண்டா, டை-கட்டிங் எப்படி என்பதெல்லாம் அதில் ஏறும். புரூஃபில் அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிளேட் எடுப்போம். ரிஜிஸ்டர் விலகி, லேபிளில் உள்ள படம் இரட்டையாகத் தெரிந்தால், அவர் அந்த டிக்கெட்டையும் புரூஃபையும் கொண்டுவந்து மேஜையில் வைப்பார். அதற்குமேல் பேச்சே கிடையாது. எங்கள் செலவில் மறுபடி அடித்துக் கொடுப்போம். டிக்கெட்டில் 'பொது அச்சு வேலை' என்று மட்டும் எழுதி வைத்துக்கொண்டு நான் அவரோடு வழக்காடினால் இந்த ஊரில் எனக்கு அடுத்த சீசன் இருக்காது. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து, அதற்குக் கணக்கு எழுதி, பள்ளிக்கூடம் கட்டிய வியாபாரிகளின் மாவட்டம் இது. எழுத்தின் மதிப்பை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீங்கள் ஏன் அப்படி எழுதச் சொல்கிறீர்கள் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். வாரண்டி வேலையில் உங்களுக்கு வண்டிக்காரரிடமிருந்து காசு வராது. வேலையை முடித்து, கழற்றிய பாகத்தைப் பத்திரப்படுத்தி, கம்பெனிக்குக் கிளெய்ம் போட வேண்டும். கம்பெனி தான் வைத்திருக்கும் கூலிக் கணக்கில்தான் தரும். அது ஒத்துக்கொள்ளாவிட்டால் பாகத்தின் விலையும் மெக்கானிக்கின் நேரமும் உங்கள் தலையில் விழும். பம்பருக்கு டச்சப் அடித்தால் அன்றே பில் போடலாம். கியர்பாக்ஸைக் கழற்றினால் பணம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, மறைமலைநகர் ஆலைத் தொழிலாளர்களோடு சேர்ந்து தவித்தவர்கள் அதன் டீலர்களும்தான். கோடிகளைக் கொட்டி ஷோரூம் கட்டியவரைக் கம்பெனி எவ்வளவு சுலபமாக விட்டுவிட்டுப் போகும் என்பதை அன்று எல்லோரும் பார்த்தோம். ஆகவே உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கஷ்டத்தை உங்களுக்குக் கொடுத்தது கம்பெனி. அதை ஜாப் கார்டின் ஒரு கட்டத்துக்குள் மறைத்து வண்டி வாங்கியவர் தலையில் இறக்குவது நியாயமில்லை.

"அப்ரூவல் கம்பெனியிலிருந்து வரணும், நாங்க என்ன செய்ய?" என்ற பதிலை எல்லா ஷோரூமிலும் கேட்கலாம். கோவாவில் ஒரு டீலர் 2009-இல் தயாரான டாடா காரை 2011 மாடல் என்று விற்றார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டாடா மோட்டார்ஸுக்கும் அந்த டீலருக்கும் இருப்பது ஆளுக்கு ஆள் தனித்தனிப் பொறுப்புள்ள வியாபார ஒப்பந்தம். டீலர் செய்த காரியம் கம்பெனிக்குத் தெரியும் என்று காட்டாதவரை அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. கம்பெனிகளுக்கு அது நிம்மதி தந்த தீர்ப்பு. உங்களுக்கு அது எச்சரிக்கை, அண்ணாச்சி. உங்கள் கவுண்டரில் எழுதியதற்கும் எழுதாமல் விட்டதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஜாப் கார்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வழக்குப் போடுவது இன்று லேசு, நிரூபிப்பதுதான் பாரம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின், வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். மதுரையிலோ சென்னையிலோ வண்டி எடுத்திருந்தாலும், நமக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட ஆணையம் போதும். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் பற்றிய வழக்கை அங்கேயே விசாரிப்பார்கள். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 400 ரூபாய். எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கூடுதலாக 15 நாள் தரலாம். அதற்குமேல் நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரமில்லை என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது நம் பக்கத்துக்கான கெடு.

இதெல்லாம் வாசல் வரைக்கும். உள்ளே போனால், பொருளில் குறை இருக்கிறதா என்று சாதாரணமாகப் பார்த்துச் சொல்ல முடியாதபோது ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சட்டம் வழி வைத்திருக்கிறது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டிய வழக்குக்கு, ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்றும் சொல்கிறது. ஆனால் ஒரு கியர்பாக்ஸைச் சோதித்துச் சொல்லும் ஆய்வுக்கூடத்துக்குச் சிவகாசிக்காரன் எங்கே போவான்? நிபுணரைக் கூட்டிவந்து, வண்டியைச் சூடாக்கி, உதறுகிற அந்த நேரத்தில் அவரைப் பக்கத்தில் உட்காரவைப்பது நடக்கிற காரியமா? அவன் கையில் இருக்கும் ஒரே சாட்சி, வாரண்டிக்குள் இன்ன தேதியில் இன்ன குறையோடு வந்தான் என்று சொல்லும் ஜாப் கார்டு. அதிலே 'ஜெனரல் செக்கப்' என்று இருந்தால், அந்தச் சாட்சி வழக்கு தொடங்கும் முன்பே போய்விட்டது. வாரண்டிக் காலம் முடிந்த மறுநாள் அதே உதறலுக்கு நீங்கள் கிளட்ச் செட் மாற்ற எஸ்டிமேட் போடுவீர்கள். அப்போது மட்டும் பழுது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நான் புதுக் கார் கேட்கிறேன் என்று ஊரில் பேச்சு. கேட்கவில்லை. 2006-இல் மாருதி சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்றில், அதுவும் கிளட்ச் பழுதுதான், உச்ச நீதிமன்றம் சொன்னது எனக்குத் தெரியும்: வாரண்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கம்பெனியின் பொறுப்பு, பழுதான பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோ வேண்டும், அதற்காக முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது. அந்தத் தீர்ப்பை நான் முழு மனதோடு ஏற்கிறேன். எழுதியபடிதான் பொறுப்பு என்றால், எழுதிய அளவுக்காவது பொறுப்பேற்க வேண்டும் அல்லவா?

இன்னும் இரண்டு தீர்ப்புகளை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. கேரளத்தில் ஒருவர் பிரீமியர் டீசல் கார் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்தே குறை. குறையை ஒத்துக்கொள்ளாமல் கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை மல்லுக்கட்டியது. 2004-இல் வந்த தீர்ப்பில், குறையுள்ள காரைப் புத்தம் புதியது என்று விற்றது வெட்கக்கேடு என்றும், அதை ஏற்காமல் வழக்காடியது வருந்தத்தக்கது என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். மற்றது 2022 ஏப்ரலில் வந்த ஹூண்டாய் கிரெட்டா வழக்கு. டெல்லி-பானிபட் நெடுஞ்சாலையில் விபத்து நடந்தபோது காரின் ஏர்பேக் விரியவில்லை. மோதலின் வேகம் போதவில்லை என்று வாதம் வைத்தார்கள். வண்டி வாங்குகிறவர் வேகத்தையும் விசையையும் கணக்குப்போடும் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. வண்டியை மாற்றித் தரச் சொன்ன உத்தரவும் நிலைத்தது. "உங்களுக்கு டெக்னிக்கலா தெரியாது சார்" என்று எங்களை உட்காரவைத்துப் பேசும் ஒவ்வொரு ஒர்க்ஸ் மேனேஜரும் அந்தப் பத்தியைப் படிக்க வேண்டும்.

நம் ஊருக்கென்றே உள்ள சங்கடம் ஒன்று இருக்கிறது. இங்கே பாதிக் கார்கள் ஆள் பெயரில் இருக்காது. பட்டாசுக் கம்பெனி பெயரில், தீப்பெட்டி ஆலை பெயரில், அச்சகத்தின் பெயரில் இருக்கும். ஆடிட்டர் தேய்மானக் கணக்குக்காக அப்படி எடுக்கச் சொல்லியிருப்பார். வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் எடுக்கும் முதல் ஆயுதம் இதுதான்: "வணிக நோக்கத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே இல்லை." இதைச் சொல்லியே பலரை வாசலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு நிறுவனம் தன் இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய மெர்சிடஸ் காரின் நடுப்பகுதி அளவுக்கு மீறிச் சூடானது பற்றிய வழக்கில், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. கார் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா என்பதைவிட, எதற்காக வாங்கினார்கள், யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றது. குடும்பத்தோடு இருக்கன்குடிக்கும் திருச்செந்தூருக்கும் போகிற வண்டியை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயரை வைத்து வாடகை லாரியோடு சேர்க்க முடியாது.

ஸ்டிக்கர் ஒட்டியபின் என் அச்சகத்துக்கு வந்து போனவர்கள் தங்கள் கதைகளைக் கொட்டினார்கள். ஒருவருக்கு இன்ஜெக்டர் போய்விட்டது. டீசல் கலப்படம் என்று வாரண்டி மறுத்தார்கள். பெட்ரோல் பங்க்கில் கேட்டால் டீசலுக்கு டென்சிட்டி டெஸ்ட் செய்து காட்டியாக வேண்டும். ஆனால் டீசல் கெட்டது என்று சொன்ன சர்வீஸ் சென்டரில் அதற்கு ஒரு துண்டுச் சீட்டும் தரவில்லை. இன்னொருவருக்கு ஏ.சி. போனதற்குக் காரணம் சிவகாசித் தூசியாம். தூசிக்கு வாரண்டி இல்லை என்றால், அதை விற்கும்போதே சொல்லியிருக்கலாமே! வேறொருவர் வெளியே டேஷ் கேமரா மாட்டினார் என்பதற்காக, அதற்குச் சம்பந்தமே இல்லாத பவர் ஸ்டீயரிங் பழுதையும் ஏற்க மறுத்துவிட்டார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது நினைவிருக்கும். அபராதத் தொகை மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. வெளி மெக்கானிக் தொட்டாலே வாரண்டி மொத்தமும் ரத்து என்று கண்ணைமூடி நிபந்தனை போடக்கூடாது என்றும் அதே உத்தரவு சொன்னது. தொட்ட இடத்துக்கும் பழுதான இடத்துக்கும் தொடர்பு இருந்தால் எழுதிக் கொடுங்கள். தொடர்பில்லை என்றால் பாகத்தை மாற்றுங்கள்.

எழுத்தில் ஒன்றும் கிடைக்காத ஆத்திரம் மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு ஆம்பூர் சாட்சி. 2022 ஏப்ரலில் அங்கே ஒருவர் தன்னுடைய ஓலா மின்சார ஸ்கூட்டர்மீது தானே பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகும் வண்டி அது. 2024 ஆகஸ்டோடு முடிந்த ஓராண்டில் அந்தக் கம்பெனி மேல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவான புகார்கள் 10,644. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அக்டோபரில் நோட்டீஸ் அனுப்பியது. அந்த ஆம்பூர்க்காரரின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் நெருப்பு என்ன செய்யும் என்று ஆஸ்பத்திரி வார்டுகளில் பார்த்த ஊர்க்காரன் நான். எந்தக் கோபத்துக்காகவும் இந்த மண்ணில் யாரும் தீக்குச்சி உரசக்கூடாது. அதனால்தான் ஸ்டிக்கர், அதனால்தான் இந்த மடல்.

சமரசம் பேச வந்த பெரியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வந்தார்கள். கியர்பாக்ஸை 'குட்வில்'லில் பார்த்துத் தருகிறோம், அடுத்த சர்வீஸ் இலவசம், சீட் கவரும் போட்டுத் தருகிறோம், ஸ்டிக்கரை மட்டும் எடுத்துவிடுங்கள் என்பது பேச்சு. குட்வில் என்று செய்தால் என்ன அர்த்தம் என்பதை அவர்களுக்கு விளக்கினேன். பழுது இருந்தது என்று எங்கும் பதிவாகாது. மாற்றிய பாகம் மறுபடி பழுதானால் கேட்க முடியாது. இதே மாடல் வண்டியில் இதே உதறலோடு நாளைக்கு வரும் இன்னொருவருக்கு, "இப்படி ஒரு கம்ப்ளெய்ன்ட் இதுவரை வந்ததே இல்லை" என்ற பதில் தயாராக இருக்கும். என் உரிமையை எனக்கே தானமாகத் தருவதை எப்படி வாங்குவேன்? வாரண்டியில் செய்கிறோம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அன்றைக்கே ஸ்டிக்கரைச் சுரண்டி எடுக்கிறேன், சீட் கவர் வேண்டாம் என்றேன். பதில் இன்னும் வரவில்லை.

தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்தாயிற்று. மின்சாரக் கார்கள் நம் சாலைகளில் பெருகப் போகின்றன. பேட்டரிக்கு எட்டு ஆண்டு வாரண்டி என்று விற்கிறார்கள். ஒரு பேட்டரி காரின் விலையில் பெரும் பங்கு. சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது என்று ஐந்தாவது ஆண்டில் ஒருவர் வந்து நிற்கும்போது, முதலாவது, இரண்டாவது ஆண்டு ஜாப் கார்டுகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக்கொண்டுதான் பல லட்ச ரூபாய் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். இன்று கியர்பாக்ஸில் பழகிய கை நாளைக்குப் பேட்டரியிலும் அப்படியே எழுதும்.

அண்ணாச்சிமாரே, நான் கேட்பது பெரிய காரியமில்லை. கஸ்டமர் வாய்ஸ் கட்டத்தில் வண்டிக்காரர் சொன்ன வாக்கியத்தை அவர் சொன்னபடியே, தமிழில் எழுதச் சொல்லுங்கள். நம் பக்கம் பாதி வண்டிகளைச் சர்வீஸுக்கு விடுவது டிரைவர்தான்; என்னவென்று தெரியாமலே அவர் ஆங்கிலக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். சூட்டில் வரும் பழுதைச் சூட்டில் பாருங்கள். வண்டிக்காரரை ஓட்டச் சொல்லி, உங்கள் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து வரட்டும். பழுது தெரியவில்லை என்றால் எந்த நேரத்தில், எந்தச் சாலையில், எத்தனை கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வாரண்டியை மறுத்தால், புத்தகத்தில் உள்ள எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள் என்று கையெழுத்தும் சீலும் வைத்துக் கொடுங்கள். கம்பெனி மறுத்திருந்தால் அந்தக் கடிதத்தின் நகலைக் கொடுங்கள். கம்பெனியோடு நாங்களும் சேர்ந்து உங்களுக்காகச் சண்டை போடுகிறோம்.

கம்பெனியின் கம்ப்யூட்டரில் தமிழுக்கு இடமில்லை என்பீர்கள். அதற்கும் வழி செய்திருக்கிறேன். ஜாப் கார்டோடு பின் அடித்துக் கொடுக்க, ஒரு பக்கத்தில் அடங்கும் தமிழ்ப் படிவம் ஒன்றை வடிவமைத்து வைத்திருக்கிறேன்: மூன்று நகல், கார்பன் இல்லாத காகிதம், நம்பர் போட்டது, ஒன்று வண்டிக்காரருக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்று கம்பெனிக்கு. எந்த ஷோரூம் கேட்டாலும் காகித விலைக்கு அடித்துத் தருகிறேன், அச்சுக்கூலி வேண்டாம். என் மேல் நோட்டீஸ் விட்ட ஷோரூமுக்கும் அதே விலைதான். ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் கேலண்டர் வேலை தொடங்கிவிடும், மெஷின் காலியிருக்காது. அதற்கு முன்னால் ஆள் அனுப்பி மாதிரியைப் பார்த்துவிட்டு, எத்தனை புத்தகம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
சிவகாசி அச்சகக்காரன் ஒருவன்